மிதிவண்டியும் பால்மரத்து இலையுதிர் காலமும்

தமிழர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அந்த ஆறனுள் 'இலையுதிர் காலம்' என்றொரு பெயர் இல்லை. மேனாட்டுப் பருவம் ஒன்றைக் குறிக்கப் பிற்கால எழுத்தாளர்கள் ஆக்கிக்கொண்ட தொடர் அது. சிலர் கூதிர் என்றே அதனை மொழிபெயர்த்தனர். ஆனால் ஐப்பசி, கார்த்திகைக் கூதிரோ மழைக்காலம். பேராக் மாநிலத்திலும் அம்மாதங்களில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுவதே வழக்கம். அவ்வாறாயின், பசுமை மாறாக் காடுகள் சூழ்ந்த மலாயாவில் இலையுதிர் காலம் ஏது? 'ஏன் இல்லை?' என்று எதிர்வினா எழுப்புவோர் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவராகத்தான் இருப்பர்.

ஆண்டு பிறந்து, மழையின் ஈரம் அடங்கியதும் பால்மரத்தின் இலைகள் மஞ்சளிக்கத் தொடங்கும். பிறகு செம்பு நிறம் ஏறும். காற்று ஒருமுறை வீசினால் ஒரு நிரை முழுவதும் இலை பொழியும். சில வாரங்களுக்குள் மரங்கள் வெறுங்கிளைகளாய் நிற்கும். நண்பகலிலும் அந்திபோல் மங்கியிருக்கும் தோட்டத்தில் அப்போது மட்டுமே வெயில் தடையின்றித் தரையைத் தொடும். சருகு கணுக்காலை மூடும். அதன்மேல் நடக்கும் ஓசையைக் கொண்டே வருகிறவர் கங்காணியா, மாடு தேடி வரும் சிறுவனா என்று பால்வெட்டுவோர் கூறிவிடுவர். பின்னர்ச் செந்தளிர் அரும்பி, அது வெளிர்பச்சையாகி, தோட்டம் மறுபடியும் இருளும். தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களுக்குள் இத்தனையும் முடிந்துவிடும்.

காண்பதற்கு அழகிய இப்பருவம் உழைப்போர்க்கு இனியதன்று. மரம் தன் வலிமையைத் தளிருக்குச் செலவிடும் நாட்களில் மங்கில் பால் சுரப்பது குறையும். பாலின் எடை குறைந்தால் கூலியும் குறையும், கடைப்பற்று ஏறும். ஆயினும் வேலை முன்னதாக முடியும். சாலை உலர்ந்திருக்கும். தைப்பூசமும் மாசி மகமும் இக்காலத்திலேயே வரும். கையில் காசு குறைந்து பொழுது மிகுந்த இந்த நாட்களே, தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத்துத் தொழிலாளி மிதிவண்டி ஏறி ஈப்போவைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஏற்றவை. ஒன்பது மைல் தொலைவுள்ள ஒரு நகரை மிதிவண்டியில் சென்று பார்ப்பது இன்று ஒரு செய்தியாகத் தோன்றாது. அந்த எளிய இன்பம் தமிழ்த் தொழிலாளியின் கைக்கு வந்து சேர்ந்த வரலாறோ அத்துணை எளிதன்று.

அவ்வரலாற்றின் தொடக்கமும் பேராக்கிலேயே இருக்கிறது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் பால்மர விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். அவற்றுள் முளைத்தவை மிகச் சிலவே. அந்நாற்றுகளில் இருபத்திரண்டு 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது கோலாகங்சாரில், பேராக்கின் பிரிட்டிஷ் ஆலோசகரான ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் நடப்பெற்றன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் கோலாகங்சாரில் காட்சிக்கு நிற்கிறது. ஆனால் அன்று அம்மரங்களை எவரும் பொருட்படுத்தவில்லை. தோட்ட முதலாளிகளின் கண் காப்பியின்மேல் இருந்தது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தி, 'ரப்பர் பயிரிடுங்கள்' என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார். அவரைப் பித்தர் என்று எள்ளியவர்கள் பலர்.

அதே 1888இல், பல்லாயிரம் மைலுக்கு அப்பால் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த ரப்பர் உருளைப் பட்டைக்குக் காப்புரிமை பெற்றார். தம் சிறு மகனின் மூன்றுசக்கர வண்டி கற்சாலையில் குலுங்கிச் செல்வதைக் கண்டு அவர் செய்த வேலை அது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1885இல், இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டார்லி என்பவர் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒத்த அளவினவாகவும், பின்சக்கரம் சங்கிலியால் இயங்குவதாகவும் அமைந்த மிதிவண்டியை உருவாக்கியிருந்தார். இவ்விரு கண்டுபிடிப்புகளும் இணைந்தபோது மேலை நாடுகளில் மிதிவண்டி மோகம் பற்றிப் படர்ந்தது. ரப்பருக்குத் தேவை பெருகியது. அமேசான் காடுகளும் ஆப்பிரிக்கக் காங்கோவும் அதன் பொருட்டுச் சிந்திய குருதி தனிக் கதை. மோட்டார் வண்டி பெருகுவதற்கு முன்னரே ரப்பரின் விலையைத் தூக்கிவிட்டது மிதிவண்டியே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மலாயாவில் முதல் வணிகத் தோட்டத்தை மலாக்காவில் டான் சாய் யான் 1896இல் தொடங்கினார். அடுத்த இருபது ஆண்டுகளில் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிகளின் வழியே தமிழர் இலட்சக்கணக்கில் இங்கு வந்து இறங்கினர்.

ஆகவே, மேனாட்டில் ஓடிய மிதிவண்டியின் பட்டைக்காகத்தான் இந்நாட்டில் தமிழன் உளி பிடித்தான் எனல் மிகையாகாது. அவன் வெட்டிய பால், தாளாகி, மூட்டையாகி, கப்பலேறிச் சென்று உருளைப் பட்டையாக உருமாறித் திரும்பி வந்தது. ஆனால் அவனோ நெடுங்காலம் நடந்தே திரிந்தான். விடியுமுன் பெரட்டுக்கு நடந்தான், நிரைக்கு நடந்தான், பால் வாளியைக் காவடியாகச் சுமந்து கொட்டகைக்கு நடந்தான். தோட்டத்தின் எல்லையே அவனுடைய உலகின் எல்லையாக இருந்தது. ஈப்போ அவனுக்கு மூன்று புள்ளிகளாகவே தெரிந்தது: இரயில் நிலையம், கோயில், மளிகைக் கடை. அவற்றுக்கு இடையில் இருந்த நகரம் அவன் அறியாதது.

மிதிவண்டி தோட்டத்திற்குள் முதலில் நுழைந்தது தபால்காரருடனும் கிராணிமாருடனும்தான். கங்காணிமார் சிலர் வாங்கினர். ராலே, ரட்ஜ், ஹம்பர் என்ற ஆங்கிலப் பெயர்கள் லயத்துப் பிள்ளைகளின் வாயில் ஊர்த் தெய்வங்களின் பெயரைப் போல் புழங்கின. பின்னர், விலை குறைந்த ஜப்பானிய வண்டிகள் 1930களில் சந்தைக்கு வந்தபோதும், சீனர் கடைகளில் தவணை முறை தொடங்கியபோதும், பால்வெட்டுவோரும் வாங்கத் தலைப்பட்டனர். மிதிவண்டிக் கடைகளையும் பழுது பார்க்கும் கொட்டகைகளையும் பெரும்பாலும் சீனரே நடத்தினர். அவர்களுள்ளும் ஹிங்ஹுவா வகுப்பினர் இத்தொழிலில் முன்னின்றனர். ஒட்டுப்போடவும் கம்பி முறுக்கவும் அவர்களிடம் கற்றுக்கொண்ட தமிழிளைஞர் உண்டு.

வண்டியை விலைக்கு வாங்கியது மட்டும் போதவில்லை. அதில் ஏறி அமர்வதற்கும் ஓர் உரிமை வேண்டியிருந்தது. தோட்டத்துச் சாலையில் மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி, எதிரே துரை வந்தால் கீழே இறங்கி நிற்க வேண்டும். துரை மட்டுமல்லர், துரைக்கு அடுத்தபடியில் இருந்த ஆசிய அலுவலர்கள் வந்தாலும் இறங்க வேண்டும். எழுதப்பட்ட எந்தச் சட்டத்திலும் இவ்விதி இல்லை. ஆயினும் சட்டத்தைவிட உறுதியாக அது கடைப்பிடிக்கப்பட்டது. தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்டோர் மேற்குடியினரின் தெருவழியே செருப்பணிந்து செல்லலாகாது, மிதிவண்டியில் ஏறிச் செல்லலாகாது என்ற கொடுமை நெடுங்காலம் நிலவியது. அக்கொடுமையிலிருந்து தப்பிக் கடல் கடந்தவர்களும் இருந்திருப்பர். அவர்களை இக்கரையில் அதே கொடுமை வேறு தோலுடன் வரவேற்றது.

இவ்விதியை எதிர்த்துத் தமிழ்த் தொழிலாளர் ஒன்றுதிரண்டது 1941ஆம் ஆண்டில். களம் பேராக் அன்று; சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரம். ஆனால் தோட்டங்கள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவையாதலின், கிள்ளானில் எழுந்த குரல் கிந்தாவுக்கும் உரியதே. 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்ட முதலாளிகளிடம் தன் கோரிக்கைகளை வைத்தது. சீனத் தொழிலாளர்க்கு ஒப்பான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, நல்ல மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களை இழிவு செய்யாதிருத்தல், உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து செல்லுதல் என்பவை அவற்றுள் அடங்கும். அந்த வரிசையிலேயே மற்றொன்றும் இடம்பெற்றது: ஐரோப்பிய நிருவாகிகளின் முன்னிலையிலும் ஆசிய அலுவலரின் முன்னிலையிலும் தொழிலாளர் மிதிவண்டியில் ஏறிச் செல்ல அனுமதிக்க வேண்டும்.

கூலி, கல்வி, மருத்துவம் ஆகியவற்றோடு மிதிவண்டியும் ஒரு பட்டியலில் இடம்பெற்றது கண்டு இன்றைய மாணவர் வியக்கக்கூடும். சிலர் நகைக்கவும் கூடும். ஆனால் நாள்தோறும் பலர் முன்னிலையில் இறங்கி நின்றவனுக்கு அது சிறு செய்தியன்று. அரை வயிற்றுக் கூலியை அவன் மாதக் கடைசியில் ஒருமுறை எண்ணினான். இறங்கி நிற்கும் இழிவையோ தன் மனைவியும் மக்களும் காண ஒவ்வொரு நாளும் எண்ணினான். 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் பரவியது. படை வரவழைக்கப்பட்டது, சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மலாயாத் தமிழரின் தொழிற்சங்க வரலாற்றை எழுதுவோர் இப்போராட்டத்தைக் கூலிப் போராட்டம் என்றே பெரிதும் குறிப்பர். அது தவறன்று. ஆனால் மிதிவண்டிக் கோரிக்கையை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடுவது, போராடியவர்களின் மனத்தை அறியாமையே ஆகும்.

ஆறே மாதங்களில் துரைமாரும் ஓடினர். அவர்களை ஓட வைத்தவர்கள் மிதிவண்டியில் வந்தார்கள் என்பதே வரலாற்றின் விந்தை. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கரையிறங்கிய ஜப்பானியப் படை, மேற்குக் கரைச் சாலை வழியாகவும் விரைந்து தெற்கே நகர்ந்தது. ஒவ்வொரு பெரும்பிரிவுக்கும் ஆறாயிரம் அளவில் மிதிவண்டிகள் தரப்பட்டிருந்தனவென்று அப்படையின் திட்ட அலுவலரான சுஜி மசனொபு பின்னாளில் எழுதினார். பாலங்கள் தகர்க்கப்பட்டால் வீரர்கள் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தனர். போருக்கு முன்னரே ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் மிகுதியாக விற்கப்பட்டிருந்தமையால் மாற்றுப் பாகங்கள் ஊருக்கு ஊர் கிடைத்தன. வெயிலில் பட்டைகள் வெடித்தபோது வெறும் இரும்பு வளையத்தோடே ஓட்டினர். இரவில் தார்ச்சாலையில் அவ்வளையங்கள் எழுப்பிய பேரோசையைக் கேட்டுக் கவச ஊர்திகள் வருவதாக எண்ணி எதிர்ப்படையினர் மருண்டதும் உண்டு. டிசம்பர் இறுதியில் ஈப்போ வீழ்ந்தது. அதற்குத் தெற்கே கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 சனவரி 2 வரை பிரிட்டிஷ், இந்திய வீரர்கள் கடுமையாகப் போரிட்டும் நிலைமை மாறவில்லை. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

அடுத்த மூன்றரை ஆண்டுகளில் மக்களின் மிதிவண்டிகள் பலவும் படைக்குப் பறிபோயின. எஞ்சியவற்றுக்கு உருளைப் பட்டை கிடைக்கவில்லை. உலகுக்கே ரப்பர் தந்த நாட்டில், ரப்பர்த் தோட்டத்தின் நடுவில், உள்குழாய் இன்றி வண்டிகள் மூலையில் சாய்ந்து கிடந்தன. காற்றில்லாத திண்ணிய ரப்பரைச் சக்கரத்தில் சுற்றிக் குலுங்கக் குலுங்க ஓட்டினர் சிலர். இளைஞரும் குடும்பத் தலைவரும் சயாம் மரண இரயில் பாதைக்கு இட்டுச் செல்லப்பட்ட லயங்களில் வண்டியை ஓட்டவே ஆளில்லை. பல்லாயிரவர் அங்கிருந்து திரும்பவில்லை.

போர் முடிந்தும் சாலை திறந்துவிடவில்லை. 1948 சூன் 16ஆம் நாள் காலை, தஞ்சோங் ரம்புத்தானுக்கு வடக்கே சுங்கை சிப்புட் அருகிலுள்ள எல்பில் தோட்டத்து அலுவலகத்துக்கு மூன்று இளைஞர் மிதிவண்டியில் வந்து, நிருவாகியான ஐரோப்பியரைச் சுட்டுவிட்டு வந்தவழியே சென்றனர். அருகிலிருந்த வேறொரு தோட்டத்தில் மேலும் இருவர் அன்றே கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. அதன்பின் தோட்டத்து மிதிவண்டி ஐயத்துக்குரிய பொருளாயிற்று. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. இரவில் ஊரடங்கு. காட்டிலிருப்போர்க்கு உணவு செல்வதைத் தடுக்க வாயிலில் சோதனை. அரிசி ஒளித்துச் செல்லப்படுகிறதா என்று காற்றடிக்கும் பம்பையும், வண்டியின் குழாய்ச் சட்டத்தையும்கூடத் தட்டிப் பார்த்தனர். நண்பகல் உணவைக் கையோடு கொண்டுபோகவும் பால்வெட்டுவோர்க்குத் தடையிருந்த இடங்கள் உண்டு. பசியோடு வெட்டி, பசியோடு திரும்பினர். 1957இல் நாடு விடுதலை பெற்றது. 1960 சூலை 31இல் அவசரகாலம் முடிவுக்கு வந்தது.

ஆகவே, இறங்கி நிற்க ஒரு துரையும், சோதித்துப் பார்க்க ஒரு வாயிலும் இன்றித் தோட்டத் தொழிலாளி தன் விருப்பப்படி மிதிவண்டியில் சென்ற காலம் 1950களின் இறுதியிலிருந்து ஓர் இருபது ஆண்டுகளே எனலாம். நெடிய வரலாற்றில் அது ஓர் இலையுதிர் பருவத்தின் அளவே. அப்பயணத்தின் சுவையைச் சற்று விரித்துக் கூறுதல் தகும்.

தஞ்சோங் ரம்புத்தான் கிந்தா ஆற்றின் மேற்பகுதியில் அமைந்த சிற்றூர். 'தஞ்சோங்' என்ற மலாய்ச் சொல் முனை எனப் பொருள்படும். ரம்புத்தான் பழத்தை அறியாதார் இந்நாட்டில் இல்லை. இனிய பெயர்தான், ஆனால் 1911இல் அங்குத் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையால் ஊரின் பெயரே நாடெங்கும் ஓர் ஏளனச் சொல்லாயிற்று. 'உங்களுக்கு எந்த ஊர்?' என்று ஈப்போக் கடைக்காரர் வினவும்போது ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்கியவர் பலர். அம்மருத்துவமனையில் நோயாளரைப் பேணிய பணியாளருள் தமிழரும் இருந்தனர் என்பதையும், அவர்களும் மிதிவண்டியிலேயே பணிக்குச் சென்று வந்தனர் என்பதையும் ஏளனம் செய்தோர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஊரிலிருந்து தம்பூன் வழியாக ஈப்போ செல்லும் சாலை பெரும்பாலும் ஆற்றின் போக்கை ஒட்டியே இறங்கும். போகும்போது மிதி இலேசாக இருக்கும்; திரும்பும்போதுதான் தொடை நோகும். கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் மறைப்பதால் கதிரவன் சற்றுத் தாழ்ந்தே வருவான். அதுவரை பனி விலகாது. இலையுதிர் நாட்களில் சாலையின் இருபுறமும் சருகு குவிந்திருக்கும். உருளைப் பட்டையின் கீழ் அது நொறுங்கும் ஓசை, முன்னே போகிறவரைப் பின்னே வருகிறவருக்குக் காட்டிக்கொடுக்கும். வெறுங்கிளைகளின் ஊடே, மற்ற மாதங்களில் இலைக்கூட்டம் மறைத்திருந்த சுண்ணாம்புக் குன்றுகள் திடீரென்று வெண்ணிறமாய்த் தென்படும். தம்பூனில் வெந்நீர் ஊற்று உண்டு. பம்பளிமாசுப் பழத்துக்கு அவ்வூர் பெயர் பெற்றது. அங்குள்ள குன்றின் முகத்தில் செந்நிறத்தில் தீட்டப்பெற்ற பழங்கால ஓவியங்களை 1959இல் கூர்க்காப் படையைச் சேர்ந்த ஓர் அலுவலர் கண்டறிந்து கூறினார். அதன் கீழே எத்தனையோ ஆண்டுகளாக வண்டியோட்டிச் சென்றவர்கள் தலைநிமிர்ந்து பார்க்காமலே போயிருக்கின்றனர்!

குன்றுகள் முடிந்ததும் ஈயக் குட்டைகள். அவற்றின் கலங்கல் நீரைத் தாண்டினால் நகரத்தின் ஓசை. ஈப்போவின் புதுநகரையும் பழைய நகரையும் கிந்தா ஆறு பிரிக்கிறது. இரண்டையும் இணைத்துச் சென்ற பெருவீதிக்கு அந்நாளில் ஹியூ லோ வீதி என்று பெயர். இப்போது அது சுல்தான் இஸ்கந்தர் சாலை. கோலாகங்சாரில் முதல் மரங்களை நட்ட அதே ஹியூ லோதான். அம்மரங்களின் வழிவந்த பாலை வெட்டும் கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அப்பாலில் செய்த பட்டையின்மேல் அமர்ந்து, அவர் பெயர் கொண்ட வீதியில் தமிழர் ஓட்டிச் சென்றனர். வரலாறு இவ்வாறு தானே முடிச்சுப் போட்டுக்கொள்வதும் உண்டு.

பேருந்தில் வந்தவன் பேருந்து நின்ற இடத்தில் இறங்கினான். இரயிலில் வந்தவன் நிலையத்தில் இறங்கினான். மிதிவண்டியில் வந்தவனுக்கோ நிறுத்தம் என்பது அவன் மனத்தில் இருந்தது. சந்துகளுக்குள் புகுந்தான். வழி தவறினான், தவறிய வழியிலே புதிய வீதியைக் கண்டான். ஹப்பக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து 1917இல் கட்டி முடித்த இரயில் நிலையத்தின் வெண்ணிறக் குவிமாடங்களை, பயணச்சீட்டுக்குப் பதறாமல், எதிரே வண்டியைச் சாய்த்து நிறுத்தி முதன்முறையாக முழுதாகப் பார்த்தான். நகருக்குப் பெயர் தந்த ஈப்போ மரத்தின் பால் நஞ்சு. பழங்குடியினர் அதனை ஊதுகுழல் அம்பின் முனையில் தடவுவர். பாலையே நம்பி வாழ்ந்த ஒருவன் அச்செய்தியை அறிந்தபோது என்ன நினைத்திருப்பானோ!

லகாட் சாலைப் பக்கம் தமிழ்க் கடைகள். அங்கே இதழ்களும் கிடைக்கும். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழை ஈப்போவில் வாங்கி, மடித்து, வண்டியின் பின்தட்டில் செருகிக்கொண்டு லயத்துக்குத் திரும்பிய ஒருவரால் பத்துக் குடும்பங்கள் செய்தி அறிந்தன. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டனர். தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் செரோவிலுள்ள கல்லுமலை முருகன் கோயில் வரை காவடிகள் செல்லும். அன்று விடியுமுன்னரே விளக்குப் பொருத்திய மிதிவண்டிகள் தோட்டங்களிலிருந்து வரிசையாகப் புறப்படும். முன்தண்டில் ஒரு பிள்ளை, பின்தட்டில் மனைவி, அவள் மடியில் கைக்குழந்தை. விளக்கில்லா வண்டிக்கும், இருவர் ஏறிய வண்டிக்கும், உரிமத் தகடு இல்லாத வண்டிக்கும் தண்டம் உண்டு. திருவிழாவன்று காவலர் கண்டும் காணாமல் இருந்தனர் என்று நம்புவோம்.

உலாவுக்கு மட்டுமா அது உதவியது? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டும் என்றது. ஆனால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி தொடக்கக் கல்வியோடு நின்றது. மேலே படிக்க வேண்டுமாயின் நகரத்துக்குத்தான் போகவேண்டும். பேருந்துச் செலவைத் தாங்க இயலாத குடும்பத்தில், பிள்ளையின் படிப்பு தொடர்வதும் நிற்பதும் ஒரு பழைய மிதிவண்டியைப் பொறுத்திருந்தது. இன்று ஆசிரியராகவும் அரசு அலுவலராகவும் ஓய்வு பெற்றிருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் பலருடைய கல்விக்கு அந்த இரும்புச் சட்டமே தாங்குதண்டு. இலையுதிர் மாதங்களில் கூலி குறையும்போது தவணை கட்ட இயலாமல் வண்டி கடைக்குத் திரும்பிய வீடுகளும் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளை எங்கே போயிற்று என்று பள்ளி வருகைப் பதிவேடு கூறாது.

இங்கே ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. அப்பயணங்களில் பெண் பெரும்பாலும் பின்தட்டிலேயே அமர்ந்திருந்தாள். ஆணுக்கு நிகராகப் பால்வெட்டி, வாளி சுமந்தவளுக்கு, ஆணுக்கு நிகராகக் கைப்பிடி பற்றும் உரிமை எளிதில் வரவில்லை. தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. அங்கு மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் தந்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களுமாக இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சில ஆண்டுகளில் ஓட்டக் கற்றனர். கிள்ளானில் எழுந்த கோரிக்கைக்கும் புதுக்கோட்டை நிகழ்ச்சிக்கும் இடையில் அரை நூற்றாண்டு. இரண்டையும் மாணவர்க்கு ஒரே வகுப்பில் சேர்த்துச் சொல்லும் ஆசிரியர் தமிழ்ச் சமுதாயத்தின் வரலாற்றையே சொன்னவராவார்.

1970களில் மோட்டார் சைக்கிள் வந்தது. ஒன்பது மைல் கால் மணி நேரமாயிற்று. தம்பூன் குன்றுகள் கண்ணில் பட்டுப் படாமல் பின்னே ஓடின. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து, கிந்தாவின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடின. 1988இல் ஈப்போ மாநகரானது. அதற்குள் தோட்டங்கள் பல கைமாறிவிட்டன. சில வீடமைப்புத் திட்டங்களாயின. சில செம்பனைக்கு மாறின. லயத்து மக்கள் நகர விளிம்பின் குடியிருப்புகளுக்குக் கலைந்தனர். செம்பனைக்கு இலையுதிர் காலம் இல்லை. ஆண்டு முழுவதும் அது ஒரே பச்சை. மட்டைகளை மனிதன் வெட்டினால்தான் விழும். ஆகவே தோட்டத்தோடு பருவமும் போயிற்று.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விடியலில் தம்பூன் சாலையில் மீண்டும் மிதிவண்டிகளைக் காணலாம். இம்முறை அவை ஈப்போவிலிருந்து மேலே போகின்றன. தலைக்கவசமும் வண்ண உடையும் அணிந்த மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் என எல்லா இனத்தாரும் அவற்றில் உள்ளனர். அவர்களிடையே லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கின்றனர். தஞ்சோங் ரம்புத்தான் கடைத்தெருவில் வண்டியைச் சாய்த்துத் தேநீர் பருகிவிட்டுத் திரும்புகின்றனர். வெட்டப்படாமல் எஞ்சிய பால்மரம் வழியில் எங்கேனும் நின்றால், மாசி மாதத்தில் அதன் செம்பு நிற இலைகள் காற்றில் சுழன்று தார்ச்சாலையின் குறுக்கே வந்து விழும். மெல்லிய சக்கரங்கள் அவற்றின்மேல் ஏறிச் செல்கின்றன. எதிரே விலையுயர்ந்த பெரிய மோட்டார் வண்டி வந்தால், ஓட்டுகிறவர்கள் சற்று ஓரம் ஒதுங்கி, இறங்காமலே போகின்றனர்.